கெவின் சிற்றம்பலம் உடம்பு தேறிய கதை

1

லண்டனுக்கு வந்து இருபத்தைந்து வருடம் பூர்த்தியான ஞாயிற்றுக்கிழமை காலை, நான் ஒரு பாம்பைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிவிழா என்றதும் ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் மண்டபம், பொன்னாடை, வீடியோக்காரர் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் அனுப்புகிற படங்கள் அப்படி. என் விழாவுக்கு வந்திருந்தது இரண்டு பேர். ஒருவர் என் மனைவி மாலா. மற்றவர் கெவின். கெவின் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் சுருண்டு கிடந்தார். டப்பாவின் எடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் முந்நூற்று முப்பத்தெட்டு கிராம். செப்டம்பரில் அவர் நானூற்றுப் பன்னிரண்டு.

கெவினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கோர்ன் ஸ்னேக் என்கிற சாதி. விஷம் இல்லை. செம்மஞ்சள் நிறம், முதுகில் சிவப்புத் திட்டுகள், நாலடி நீளம். எங்கள் ஒரே மகள் ஆரணி பதினாறு வயதில் நாய்க்குட்டி கேட்டாள். வீடு நாறும் என்றோம். நாறாத பிராணி எது என்று ஒரு மாதம் ஆராய்ச்சி செய்து இவரைக் கொண்டுவந்தாள். பிள்ளைகளோடு தர்க்கம் பண்ணுகிறவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளவும். இப்போது அவள் லீட்ஸில் பல்கலைக்கழகம் படிக்கிறாள். அங்கே அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே பிள்ளை போய்விட்டது, பாம்பு எங்களோடு இருக்கிறது.

எங்கள் தலைமுறை பாம்போடு ஒரே கூரையின் கீழ் இருந்தது பங்கருக்குள் மட்டும்தான். எனக்குப் பதினான்கு வயதிருக்கும். வெளியே ஷெல் விழுந்துகொண்டிருந்தது, உள்ளே மூலையில் ஒரு புடையன் கிடந்தது. ஒரு மணித்தியாலம் இரண்டு தரப்பும் அசையவில்லை. ஷெல் நின்றதும் சித்தப்பா செய்த முதல் வேலை அதை அடித்துக் கொன்றதுதான். அது எங்களை ஒன்றும் செய்யவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது. சொல்லவில்லை. இப்போது அதன் தூரத்து உறவினருக்கு விம்பிள்டனில் நான் சூடு பார்த்துச் சாப்பாடு வைக்கிறேன்.

அன்று காலை அவரை நிறுத்ததற்குக் காரணம், முதுகெலும்பு தெரிந்தது. நல்ல பாம்பின் உடம்பு உருண்டையாக இருக்கும். இவரோ கூரை முகடு மாதிரி இருந்தார். ஆரணி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி கெவின், கடைசிக் கேள்வியும் கெவின். இடையில் எங்களிடம் ஏதாவது கேட்டால் அது எந்தக் கடிதமாவது வந்ததா என்பதுதான். கெவின் செத்துப்போனால் பிள்ளைக்கு இந்த வீட்டோடு கதைக்க விஷயம் இராது. நானும் மாலாவும் இதை ஒருவருக்கொருவர் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரும் குனிந்து அந்தத் தராசையேதான் பார்த்துக்கொண்டு நின்றோம்.

2

கெவின் இளைத்ததற்கு நான் கண்டுபிடித்த காரணம் சமயம்.

அவருடைய சாப்பாடு எலி. செல்லப்பிராணிக் கடையில் உறையவைத்து விற்பார்கள். ஒன்றை எடுத்து இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் இளகவிட்டு, பிறகு சுடுதண்ணீரில் வைத்துச் சூடாக்கி, இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் பத்து நாளுக்கு ஒன்று. ஆரணி போகும்போது இதையெல்லாம் நாலு பக்கத்தில் ஆங்கிலத்தில் தட்டச்சடித்துத் தன் அறைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் போனாள். நான் முதல் பக்கத்தை முழுமையாக வாசித்தேன்.

குளிர்சாதனப் பெட்டி மாலாவின் ஆட்சிக்கு உட்பட்டது. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே சொல், மச்சம். எலியும் மச்சம்தான் என்பது மாலாவின் தீர்ப்பு. நவராத்திரி ஒன்பது நாளும் வீட்டில் மச்சம் இல்லை. விஜயதசமியன்று கேதாரகௌரி விரதம் பிடித்தாள், அது இருபத்தொரு நாள். அது தீபாவளியோடு முடிய, மறுநாளே கந்தசஷ்டி தொடங்கியது, அது ஆறு நாள். கூட்டிப் பாருங்கள், முப்பத்தாறு நாள். எலிப் பொதி மூன்று பைகளால் சுற்றப்பட்டு, பிரீசரின் கீழ்த்தட்டில் பட்டாணிப் பைகளுக்குப் பின்னால் சிறைவைக்கப்பட்டது.

"வாயில்லாச் சீவன், அதுக்கென்ன விரதம்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நாகதம்பிரானுக்குப் பொங்கேக்க மீன் வைச்சே பொங்கினனாங்கள்?" என்றாள் மாலா. "பாம்புக்கும் ஒரு ஆசாரம் இருக்கு. ரெண்டு மாசம் சாப்பிடாமலும் இருக்குமாம். நான் கூகிளில பாத்தனான்."

கூகிள் சொன்னது ஆரோக்கியமான பாம்பைப் பற்றி. முதல் சொல்லை மாலா கணக்கில் எடுக்கவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். விரத காலத்தில் மாலாவோடு சண்டை பிடித்தால் சோறு குறையும்.

கந்தசஷ்டி முடிந்து எல்லாரும் பாரணை பண்ணினோம். கெவினுக்கும் ஒரு எலி வைத்தோம். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் வைத்தோம், அப்போதும் இல்லை. வீடியோ அழைப்பில் ஆரணி கேட்டால், தொலைபேசியைச் சரித்துப் பிடித்து வாலை மட்டும் காட்டினோம்.

"நித்திரை பிள்ளை," என்பாள் மாலா.

3

வெள்ளிவிழா ஞாயிறன்று தராசைப் பார்த்த பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. ஆள் மெலிந்தால் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும், ஆள் வேண்டாம் என்றால் இன்னும் கூட்ட வேண்டும். இது நாங்கள் விருந்தாளிகளுக்குச் செய்கிற வைத்தியம். கடைக்குப் போய்ப் பெரிய அளவு எலி வாங்கிவந்தேன். கடைக்காரப் பெடியன், பாம்பு எவ்வளவு பருமன் என்று கேட்டான். பெரிய பாம்பு என்றேன். பின்னேரம் சூடாக்கி நீட்டினேன். அதிசயமாகக் கெவின் வாயைத் திறந்தார். ஒன்று உள்ளே போனது. சரி, இத்தனை நாள் பட்டினி கிடந்த பிள்ளை என்று இரண்டாவதையும் நீட்டினேன். அதுவும் போனது.

"வடிவாச் சாப்பிடுறார்," என்றாள் மாலா, கதவுக்கு அப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றபடி. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை வேலையால் வந்து கதவைத் திறந்தபோதே மணந்தது. கெவின் இரண்டையும் திருப்பித் தந்திருந்தார்.

அந்த நாற்றத்துக்கு நடுவில்தான் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்வதற்கு முதல், ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பதினொரு பேரை ஒரே அறையில் மூன்று கிழமை வைத்திருந்தான். பாணும் தேத்தண்ணியும்தான் சாப்பாடு. பிளேஸ்டோவில் ஊர்க்காரர் ஒருவரின் வீட்டுக்கு வந்து இறங்கிய அன்றிரவு, அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, அவித்த முட்டை, மேலே ஒரு கிளாஸ் பால். "காய்ஞ்சு போனாய் தம்பி, சாப்பிடு, வெக்கப்படாதை." நான் வெட்கப்படாமல் சாப்பிட்டு, அவர் அந்த மாதம் போட்ட புதுக் கார்ப்பெட்டில் முழுவதையும் சத்தி எடுத்தேன். இன்றைக்கும் கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் அந்த அண்ணை என் சுகத்தைக் கேட்க முதல் கார்ப்பெட்டின் கதையைத்தான் தொடங்குவார்.

ஆக, பட்டினி கிடந்த வயிற்றுக்குள் ஒரேயடியாகத் திணிக்கக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டிய ஆள் லண்டனில் ஒருவன் உண்டென்றால் அது நான்தான்.

4

எங்கள் பகுதி மிருக வைத்தியர் பூனை, நாய், முயல் பார்ப்பார். பாம்பு பார்க்கிறவர் குரொய்டன் பக்கம் இருந்தார். வெள்ளிக்கிழமை வேலைக்கு அரைநாள் லீவு போட்டேன். கெவினைத் தலையணை உறைக்குள் கட்டி, காற்றுத்துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் சுடுதண்ணீர்ப் போத்தலோடு வைத்து, தமிழ்க் கடைப் பைக்குள் இறக்கிக்கொண்டு ட்ராம் ஏறினேன். இந்த நகரத்தில் எட்டு மில்லியன் பேர் இருப்பதாகச் சொல்வார்கள். அவர்களில் கோயில் சபையைச் சேர்ந்த பரமேஸ் அண்ணை சரியாக என் பக்கத்து இருக்கையில் வந்து இருந்தார்.

"என்ன தவம், சாமானோ?" தவம் என்பது நான்தான்.

"ஓம் அண்ணை."

பைக்குள் பெட்டி ஒருமுறை அசைந்தது. பரமேஸ் அண்ணை கொஞ்சம் விலகி இருந்தார்.

"உயிரோடையோ?"

"நண்டு அண்ணை."

"வெள்ளிக்கிழமையில?"

"நாளைக்குச் சமைக்க."

"எங்க எடுத்தனீ?"

"குரொய்டனில."

"இந்த ட்ராம் குரொய்டனுக்குத்தானே போகுது?"

அதற்கு மேல் என்னிடம் நண்டு இருக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வைத்தியசாலையில் ஒரு படிவம் தந்தார்கள். இந்த நாட்டில் படிவம் நிரப்பாமல் பிறக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. பிராணியின் பெயர் கெவின். உரிமையாளரின் குடும்பப் பெயர் சிற்றம்பலம். எங்கள் முறைப்படி எனக்குப் பின்னால் நிற்பது என் அப்பாவின் பெயர் என்பதை இருபத்தைந்து வருடமாக எல்லா மேசைகளிலும் விளங்கப்படுத்தி, இப்போது களைத்துப்போய் விட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் வரவேற்பு மேசைப் பெண் எழுந்து நின்று, நாய்களும் பூனைகளும் அவற்றின் சொந்தக்காரர்களும் கேட்க, கொஞ்சம் தட்டுத்தடுமாறி உரத்துக் கூப்பிட்டாள்: "கெவின் சிற்றம்பலம்."

அப்பா அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரணிக்குப் பின்னால் நிற்பது என் பெயர். அவருடைய பெயர் என்னோடு முடிந்துவிடும் என்ற குறை கடைசிவரை அவருக்கு இருந்தது. அது முடியவில்லை. கெவின் வந்து காப்பாற்றிவிட்டார்.

5

வைத்தியர் ஆரணியைவிட ஏழெட்டு வயது மூத்த பிள்ளை. கெவினைக் கையில் எடுத்து, முதுகைத் தடவி, வாயைத் திறந்து பார்த்தாள். பிறகு கணினிக்கு முன்னால் இருந்து கேள்விகளைத் தொடங்கினாள்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அகதி மனு போட்ட காலத்தில், என்னோடு அறையில் இருந்தவர்கள் நேர்முகத்துக்குப் போகும்போது எனக்கு மூன்று பாடம் சொல்லித் தந்தார்கள். கேட்டதும் பதில் சொல். முதல் சொன்னதை மாற்றாதே. தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த மனு எப்போதோ முடிந்து, பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் எழுதிக்கொண்டு இருந்தால் இன்றைக்கும் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். வங்கியோ கவுன்சிலோ பல் வைத்தியரோ, எவர் கேட்டாலும் 'யெஸ்' என்று வந்துவிடும்.

"அவருடைய பெட்டியின் சூடான பக்கம் இருபத்தெட்டிலிருந்து முப்பது பாகைக்குள் இருக்கிறதா?"

"யெஸ்."

"பகலிலும்?"

"யெஸ், யெஸ்."

"வெப்ப விரிப்புக்குத் தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறீர்களா?"

"யெஸ்," என்றேன். அது என்ன சாமான் என்று எனக்குத் தெரியாது.

அவள் எல்லாவற்றையும் பதிந்துகொண்டு, சூட்டில் பிழையில்லை என்றால் நீண்ட பட்டினியும் அதன் பிறகு கொடுத்த பெரிய சாப்பாடும்தான் காரணமாக இருக்கும் என்றாள். வயிற்றில் புழு இருக்கிறதா என்று பார்க்க மலம் கொண்டுவரச் சொன்னாள். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னாள். பதினான்கு நாளைக்குத் தண்ணீர் தவிர எதுவும் கொடுக்கக்கூடாது. சத்தி எடுத்த வயிறு ஆற வேண்டும். அதன் பிறகு வழக்கமானதில் பாதி அளவு எலி ஒன்று. அது தங்கினால் ஏழு நாள் கழித்து இன்னொன்று. இரண்டு மூன்று தடவை தங்கிய பிறகுதான் அளவைக் கூட்டலாம். அப்போதும் எலி அவருடைய உடம்பின் பருமனை மிஞ்சக்கூடாது. சாப்பிட்டு இரண்டு நாளைக்குத் தூக்கக்கூடாது. வாயைத் திறந்து திணிக்கவே கூடாது. வாரத்துக்கு ஒருமுறை நிறுக்க வேண்டும்.

"ஆனால் அவர் மெலிந்து போயிருக்கிறாரே," என்றேன். பதினான்கு நாள் பட்டினி என்பது மாலாவின் விரதத்துக்கு வைத்தியச் சான்றிதழ் கொடுத்த மாதிரி இருந்தது.

"மெலிந்த பாம்பைப் பட்டினியைவிட அவசரம்தான் கெதியாகக் கொல்லும்," என்றாள். "மெதுவாக வரட்டும். நீங்கள் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது."

6

அன்று பின்னேரம் ஆரணிக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொலைபேசியை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டி, நான் வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். பட்டினி என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி மாலாவைப் பார்த்தேன்.

"என்ர பிழைதான் பிள்ளை," என்றாள் மாலா. "நான்தான் எலியை எடுக்க விடேல்லை. விரதமெண்டு."

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? ஹி இஸ் எ ஸ்னேக். அவனுக்குக் கந்தசஷ்டி என்னெண்டு தெரியுமா?"

"தெரியாதுதான் பிள்ளை."

"முப்பத்தாறு நாள் அம்மா. ஒரு மெசேஜ் போட்டிருக்கலாம். நான் வந்து அவனை வேற ஆரிட்டயும் குடுத்திருப்பன்."

"நான் அப்பவே சொன்னனான்," என்று நான் இடையில் சொன்னேன்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அதன் பிறகு ஆரணி தாயோடு பேசவில்லை. எனக்குத்தான் செய்தி அனுப்பினாள். இன்றைக்குத் தண்ணீர் குடித்தானா, நாக்கை நீட்டினானா, மலம் வந்ததா. மலம் வந்தது. தயிர் டப்பாவில் போட்டு மறுபடியும் ட்ராமில் கொண்டுபோனேன். புழு இல்லை என்று முடிவு வந்தது. அதையும் அனுப்பினேன். ஒரு சிவப்பு இதயம் திரும்பி வந்தது. பத்தொன்பது வருடத்தில் என் மகள் என்னிடம் இவ்வளவு கேட்டதும் இல்லை, எனக்கு இதயம் அனுப்பியதும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் அதை இரண்டு பேருக்குக் காட்டினேன்.

மாலா பின்னேரங்களில் கெவினின் பெட்டிக்கு முன்னால் போய் இருப்பாள். நான் அவளுக்குப் பாம்பின் சமிபாடு பற்றி விளக்கம் சொல்வேன். வைத்தியர் சொன்னதோடு நானும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

7

பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, லீட்ஸிலிருந்து ஒரு சின்னப் பொதி வந்தது. தீப்பெட்டி அளவு வெப்பமானி. பெட்டிக்குள் ஒட்டிவிட்டால் சூடு எவ்வளவு என்பது இணையம் வழியாக ஆரணியின் தொலைபேசியில் தெரியும். குறைந்தால் அங்கே மணி அடிக்கும். ஒட்டினேன். இருபத்தொன்பது காட்டியது. பார்த்தாயா, வைத்தியருக்கு நான் சொன்னது சரிதானே என்று மாலாவிடம் சொன்னேன்.

நான் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் கட்டடப் பராமரிப்பாளன். மறுநாள் காலை ஒன்பதரைக்கு, பிள்ளைகளின் கழிவறைக் குழாய் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"அப்பா, இப்பதான் எழும்பிப் பாத்தனான், கெவின்ர பெட்டி பதினெட்டுக்கு வந்திட்டுது. ஹீட் மட் ஓஃப்."

எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் வாயில் வந்தது வேறு.

"பவர் கட் பிள்ளை."

"லண்டனிலயா?"

"எங்கட றோட்டில மட்டும்."

"வைஃபை வேலை செய்யுது அப்பா. அதாலதான் எனக்குத் தெரியுது."

என்னை நேர்முகம் கண்ட அந்தப் பழைய அதிகாரிகூட இரண்டு மணித்தியாலம் எடுத்தார். ஆரணிக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் கடைசியாகக் கதவைப் பூட்டுகிறவன் நான். ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரில் இருக்கிற சுவிட்சுகளை நிறுத்துவது என் வேலை. வீட்டிலும் அதேதான். மாலா முதியோர் இல்லத்தில் வேலை, ஆறு மணிக்கே போய்விடுவாள். நான் ஏழு மணிக்குப் புறப்படும்போது மேல்மாடி முழுக்க நிறுத்திக்கொண்டு இறங்குவேன். ஆரணியின் அறையில் சுவர் சுவிட்சில் தினமும் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஆளில்லாத அறையில் இதை யார் போட்டுவிடுகிறார்கள், மாலாவுக்கு மறதி கூடிவிட்டது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு நிறுத்திவிடுவேன். கெவினின் வெப்ப விரிப்பு அந்தச் சுவிட்சில்தான் இருந்தது. செப்டம்பரிலிருந்து, வேலை நாள் ஒன்றுகூடத் தவறாமல். பத்து மணித்தியாலம் குளிரில் கிடக்கும் பாம்புக்குப் பசிக்காது, சாப்பிட்டாலும் சமிக்காது. வெள்ளிவிழா ஞாயிறன்று நான் வீட்டில் நின்றதால் அவருக்குச் சூடு இருந்தது, சாப்பிட்டார். திங்கட்கிழமை நிறுத்தினேன், புதன்கிழமை திருப்பித் தந்தார். எல்லாம் ஆரணி சுவரில் ஒட்டிவிட்டுப் போனதில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

பின்னேரம் மாலாவிடம் சொன்னேன்.

"நான்தானே வந்து வந்து போடுறனான்," என்றாள். "பகலில நிப்பாட்டச் சொல்லி பிள்ளை உங்களுக்குச் சொல்லியிருப்பாள் எண்டு நினைச்சன்."

"நீ கேட்டிருக்கலாமே."

"நீங்கள் சொல்லியிருக்கலாமே."

கையிலிருந்த தலையணை உறையை மடித்து வைத்தாள்.

"பத்து நாள் அவள் என்னோட கதைக்கேல்லை," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அரிசி கழுவப் போனாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லை. தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். அவள் குடிக்காமல் ஆறவிட்டாள். இரவு ஆரணி தாய்க்கு எடுத்தாள். கதவு சாத்தியிருந்தது. இரண்டு பேரும் சிரித்தது மட்டும் கேட்டது. யாரைப் பற்றிச் சிரித்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

8

பதினான்கு நாள் முடிந்து, விரலளவு எலி ஒன்று நீட்டினோம். கெவின் எடுத்தார். மூன்றாம் நாள் காலை நாங்கள் இருவரும் மூக்கை நீட்டிக்கொண்டு போய்ப் பார்த்தோம். நாற்றமில்லை. எலி தங்கிவிட்டது. ஏழு நாள் கழித்து இன்னொன்று.

அதற்குள் திருவெம்பாவை விரதம் வந்தது, பத்து நாள். மாலாதான் தோட்டத்துக் கொட்டிலை ஒதுக்கி, தண்ணீர் சுடவைக்க ஒரு பழைய கேத்தில், ஒரு தகரப் பேணி, ஒரு இடுக்கி என்று கெவினுக்குத் தனிச் சமையலறை போட்டாள். டிசம்பர் குளிரில் எலி இளகுவதற்குக் குளிர்சாதனப் பெட்டி தேவைப்படவில்லை. எலிப் பொதிக்கு இடம் மட்டும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரியின் பிரீசரில் கிடைத்தது. என்னவென்று அவள் கேட்டாள். உண்மையைச் சொன்னோம். பொதி மேல் என்னவென்று பெரிதாக எழுதி ஒட்டிவிடும்படி மட்டும் கேட்டுக்கொண்டாள்.

முந்நூற்று முப்பத்தொன்று. முந்நூற்று நாற்பது. முந்நூற்று அறுபத்திரண்டு. ஒவ்வொரு ஞாயிறும் நான் தராசைப் படம் எடுத்து அனுப்புவேன், ஆரணி எடுப்பாள். அவளும் மாலாவும் அரை மணித்தியாலம் கதைப்பார்கள். கெவினில் தொடங்கி, அவளுடைய வீட்டில் இருக்கிற பெட்டை பாத்திரம் கழுவாதது, அவள் புட்டு அவித்துப் பார்த்தது என்று எங்கெங்கோ போகும். மார்ச்சில் கெவின் நானூற்று ஒன்பது. முதுகு உருண்டுவிட்டது. வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டு, இனிப் பத்து நாளுக்கு ஒன்று போதும், நிறுக்கவும் தேவையில்லை என்றாள்.

நல்ல செய்திதான். ஆனால் அதன் பிறகு ஆரணி எடுப்பது குறைந்தது. பெட்டியின் சூடு அவள் கையிலேயே தெரிகிறது. கெவின் நன்றாக இருக்கிறார். எங்களிடம் கேட்க என்ன இருக்கிறது? மூன்று ஞாயிறு வெறுமனே போயின. மாலா எடுத்தால், வேலையாக இருக்கிறேன் அம்மா, பிறகு எடுக்கிறேன் என்று செய்தி வரும்.

நாலாம் ஞாயிறு நான் கடைக்குப் போய் வந்தபோது மாலா தொலைபேசியில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"சூடு குறைஞ்சு போச்சாம். எடுத்தவள்," என்றாள்.

நான் நிறுத்தவில்லை என்று சத்தியம் பண்ணினேன். பிளக்கைக் கழற்றி ஃபியூஸ் உருகியை மாற்றினேன். அடுத்த ஞாயிறும் குறைந்தது. இந்தமுறை ஆரணி எனக்கே செய்தி அனுப்பினாள்: அப்பா, திருப்பியும் தொடங்கிட்டீங்களா? அப்பாவாகத்தான் இருக்கும் என்று மாலா சொல்லியிருக்கிறாள். இருபத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள்.

போன ஞாயிறு கடைக்குப் புறப்பட்டு, பாதி வழியில் தொலைபேசியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தேன். மேலே ஏறினால், மாலா ஆரணியின் கட்டிலில் இருந்தாள். சுவரில் சுவிட்ச் நிறுத்தியிருந்தது.

"என்ன செய்யிறாய்?"

அவள் திடுக்கிடவில்லை.

"இருபத்தாறுக்கு இறங்கினால் அவளுக்கு மணி அடிக்கும். அரை மணித்தியாலம் செல்லும். அவ்வளவு நேரம் கெவினுக்கு ஒண்டும் செய்யாது. டொக்டரிட்டக் கேட்டனான்."

"அதுக்கு?"

"கோவத்தில எண்டாலும் எடுக்கிறாள்தானே."

எனக்கு நல்ல பதில் ஒன்று வந்தது. பாம்பைப் பிடித்து வைத்துப் பிள்ளையிடம் கப்பம் வாங்குகிறாய் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். பெட்டிக்குள் கெவின் கொழுகொழுவென்று சுருண்டு கிடந்தார்.

இந்தமுறை அடித்தது என்னுடைய தொலைபேசி. மாலா என்னைப் பார்த்தாள். நான் சத்தத்தைக் கூட்டி எடுத்தேன்.

"அப்பா, திருப்பியும் ஓஃப். இது நீங்களா, அம்மாவா? உண்மையைச் சொல்லுங்கோ."

"நான்தான் பிள்ளை," என்றேன். "பழக்கதோஷத்தில நிப்பாட்டிப் போட்டன்."

நன்றாகத் திட்டினாள். ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தாள். இவ்வளவு தமிழ் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று எனக்குள் பெருமையாகக்கூட இருந்தது. திட்டி முடிந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, "அம்மா எங்க?" என்றாள்.

"பக்கத்திலதான் இருக்கிறா," என்று மாலாவிடம் கொடுத்தேன்.

எழுந்து போய்ச் சுவிட்சில் விரலை வைத்தேன். போட்டால் சூடு ஏறும், ஏறினால் அவளுக்குத் தெரியும், தெரிந்தால் சரி அம்மா என்று வைத்துவிடுவாள். கட்டிலில் மாலா, "அதுசரி, நேத்து இரவைக்கு என்ன சாப்பிட்டனீ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஐந்து நிமிடம் போகட்டும் என்று விரலை எடுத்தேன்.